கேனில் மிஞ்சிய ஆயில் கேனிலேயே இருக்கட்டும்

கடலூரில் பட்டறை வைத்திருக்கிற எவரும் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "அண்ணே, மிச்சத்த ஏன் வெச்சிட்டீங்க? அதையும் ஊத்திடுங்க." காசு கொடுத்து வாங்கிய கேனில் கால்வாசி மிஞ்சினால் மெக்கானிக் அதை ஒதுக்கிக்கொள்வார் என்ற சந்தேகம். சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன், சில இடங்களில் அப்படி நடக்கத்தான் செய்கிறது. மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், யாரும் மறுக்க முடியாது. என்ஜினுக்குள் மட்டும் ஊற்றச் சொல்லாதீர்கள்.

100 சிசி பைக்குகள் பலவற்றுக்கு முழு லிட்டர் தேவைப்படாது. கடைகளில் 800 மில்லி, 900 மில்லி கேன்கள் விற்பது அதனால்தான். வண்டியோடு வந்த புத்தகத்தில் பெரும்பாலும் இரண்டு அளவு போட்டிருப்பார்கள். ஆயிலை வடித்து மாற்றும்போது எவ்வளவு, என்ஜினை முழுக்கப் பிரித்துக் கோர்க்கும்போது எவ்வளவு. இரண்டாவது கூடுதலாக இருக்கும். என்ஜின் அடியில் ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் விட்டாலும் மூலை முடுக்கில் கொஞ்சம் பழைய ஆயில் தங்கிவிடும், அந்த வித்தியாசம்தான் இது. கார்களில் ஆயில் ஃபில்டர் மாற்றினால் ஓர் அளவு, மாற்றாவிட்டால் ஓர் அளவு. அவசரத்தில் பெரிய அளவைப் படித்து ஊற்றியவர்கள் நிறையப் பேர்.

புத்தகத்து அளவைச் சரியாக ஊற்றினாலும் பழைய என்ஜினில் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. பல வருடம் ஓடிய என்ஜினில் மேலே வால்வு பக்கம் கசடு படிந்து, ஆயில் கீழே இறங்குகிற வழிகள் குறுகிப் போயிருக்கும். ஊற்றிய கையோடு ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, அதாவது கேஜை, உருவினால் அளவு குறைவாகக் காட்டும். உடனே இன்னும் கால் லிட்டர் போகும். இன்னொரு பக்கம், புது ஃபில்டர் காலியாக இருக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆனதும் அது நிரம்பி, என்ஜின் அடியில் ஆயில் தங்குகிற சம்ப்பில் அளவு இறங்கும். ஆக, முதல் தடவை கேஜ் காட்டுவதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

நான் கார்களுக்குச் செய்வது இப்படி. புத்தகத்து அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, கேஜில் கீழ்க் கோட்டைத் தாண்டியதைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்வேன். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அதுவரை ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடும்போது குனிந்து ஃபில்டரையும் ட்ரெயின் போல்ட்டையும் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதுசை முறுக்கிவிடுவதுண்டு. அப்படி நடந்திருந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். ரோட்டில் தெரிவதைவிடப் பட்டறையில் தெரிந்துவிடுவது மேல். பிறகு ஆஃப் செய்து, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் விட்டு, கேஜை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி உருவிப் பார்க்க வேண்டும். துடைக்காமல் பார்த்தால் குழாயில் ஒட்டியிருக்கிற ஆயில் கேஜ் முழுக்கப் பூசிக்கொண்டு ஏமாற்றும்.

வண்டி நிற்கிற தரை இன்னொரு தொல்லை. நம்ம ஊர்ப் பக்கம் கடை வாசல்களை மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று ரோட்டுப் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். அந்தச் சரிவில் மூக்கைத் தூக்கி நிற்கிற காரில் பார்த்த அளவு வீட்டுக்குப் போனால் மாறும். அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது, மறுநாள் காலை சமதளத்தில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு தடவை நீங்களே பாருங்கள். ராத்திரி முழுக்க இறங்க வேண்டியது இறங்கியிருக்கும். இரண்டு கோட்டுக்கு நடுவில், மேல் கோட்டை ஒட்டி இருந்தால் போதும். கோட்டைத் தொடவில்லையே என்று ஊற்றாதீர்கள்.

பைக்கென்றால் சென்டர் ஸ்டாண்டு போட வேண்டும், சைடு ஸ்டாண்டில் பார்த்தால் தப்பாகத்தான் காட்டும். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் கேஜைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

பழைய இரும்பு என்ஜின் புல்லட், மறுநாள் காலையில் பார்க்கிற இந்தக் கணக்குக்கு அடங்காத வண்டி. புதுச்சேரியில் இன்னும் நிறைய ஓடுகின்றன, ஆசையாக வைத்திருக்கிறார்கள். அதில் ஆயில் தனி அறையில் இருக்கும். ஒரு பம்ப் என்ஜினுக்கு அனுப்பும், இன்னொன்று திரும்ப அறைக்குக் கொண்டுவரும். வண்டி நாள் கணக்கில் நின்றால் ஆயில் மெதுவாகக் கசிந்து, பிஸ்டனுக்குக் கீழே சுற்றுகிற கிராங்க் பக்கம் போய்விடும். அந்த நேரம் கேஜைப் பார்த்தால் வற்றியது போல இருக்கும். பதறி அரை லிட்டர் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால், போன ஆயில் எல்லாம் திரும்பி வந்து அறை வழிந்து, என்ஜின் காற்று வெளியேறுகிற பிரீதர் குழாய் வழியாக வெளியே கக்கும். "புல்லட்னாலே ஆயில் ஒழுகும்" என்று நாம் அதற்கும் ஒரு நியாயம் கற்பித்து வைத்திருக்கிறோம். அந்த வண்டியில் கொஞ்ச தூரம் ஓட்டி வந்த பிறகுதான் அளவு பார்க்க வேண்டும்.

சரி, கூடினால் என்னதான் ஆகும்? சம்ப்பில் அளவு ஏறினால் சுற்றுகிற கிராங்க் ஆயிலை அடிக்கத் தொடங்கும். மோர் கடைகிற மாதிரி நுரை கட்டும். நுரையில் காற்று இருப்பதால் பம்ப்பால் சரியான அழுத்தம் கொடுக்க முடியாது, கிராங்கைத் தாங்குகிற பேரிங்குக்கு ஆயில் போதாமல் போகும். அதாவது, அதிகம் ஊற்றியவனுக்கும் ஆயில் குறைந்தவனுக்கு வருகிற கேடுதான் வருகிறது. போதாததற்கு, காய்ந்து இறுகிப்போன பழைய ஆயில் சீல் வழியாகக் கசியும், பிரீதர் வழியாக ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குள் ஆயில் போகும், நீலப் புகை அடிக்கும். புகையைப் பார்த்தவுடன் பிஸ்டன் ரிங் போச்சு, சிலிண்டரைக் கடைந்து போர் வேலை செய்ய வேண்டும் என்று செலவுக் கணக்குப் போடுவதற்கு முன் கேஜை ஒரு தடவை உருவிப் பார்த்துவிடுங்கள். கூடுதலை வடிப்பது பெரிய வேலையில்லை. கேஜ் குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம்.

பழைய வண்டிகளில் கேஜே அந்த வண்டியுடையது இல்லாமல் போவதும் உண்டு. ஒடிந்ததற்குப் பதில் யாரோ எங்கிருந்தோ வாங்கிச் செருகியிருப்பார்கள். நீளம் வேறு, கோடு வேறு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் ஆயில் மாற்றும் நாளிலேயே சோதித்துவிடலாம். ஃபில்டரோடு மாற்றி, புத்தகத்து அளவை அளந்து ஊற்றி, மேலே சொன்ன மாதிரி ஓட்டி, நிறுத்தி, காத்திருந்து, ஆயில் நிற்கிற இடத்தில் அரத்தால் கேஜில் ஒரு கீறல் போடுங்கள். இனி அதுதான் உங்கள் மேல் கோடு.

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லை, அதனால் ஆயில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பழைய வண்டிகளில் அது அழுத்தத்தைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. ஓடும்போது அது எரிகிற நிலை வந்தால் பேரிங் ஏற்கெனவே தேய ஆரம்பித்திருக்கலாம். குட்டி யானை போன்ற டீசல் வண்டிகளில் புது ஆயில் உடனே கறுத்துவிடும். அது இயல்பு, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வர வேண்டாம்.

கேஜில் அளவு குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் கசிவோ எரிவதோதான். ஊற்றாமலே அளவு ஏறினால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் கலக்கிறது. வெளுத்துப்போய்க் குழகுழவென்று இருந்தால் தண்ணீர். சிலிண்டருக்கு மேலே அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், இல்லை வெளியிலிருந்து புகுந்திருக்கலாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தபோது எத்தனையோ வண்டிகள் மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டியில் முதலில் கேஜையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். அளவு ஏறியிருந்தாலோ ஏர் ஃபில்டர் நனைந்திருந்தாலோ சாவியைத் திருப்பாதீர்கள், செல்ஃப் ஒரு தடவைகூட வேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கொஞ்சம் ஓட்டி, வெளுப்பு நிற்கும்வரை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். இந்த மாதிரி வேலையில் முதல் இரண்டு தடவைக்கு விலை குறைந்த ஆயிலே போதும்.