விடுப்பு எடுத்தும் தீராத பணிச்சோர்வு

விடுப்பில் கிடைத்த தெம்பு, வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே வடிந்துவிடுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஓய்வு களைப்பைப் போக்கும். களைப்பை உண்டாக்குகிற வேலைமுறை அப்படியே காத்திருக்கும். 'பர்ன்அவுட்' எனப்படும் பணிச்சோர்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு, இதை நோயாகச் சேர்க்காமல் வேலை சார்ந்த நிலையாகவே குறிப்பிடுகிறது. அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றுவது, வேலைமீது கசப்பும் விலகலும் வருவது, செயல்திறன் குறைவது. களைப்பு மட்டும் இருந்தால் நல்ல தூக்கமே போதுமானதாக இருக்கலாம். கசப்பும் சேர்ந்துவிட்டால் காரணத்தைத் தேடியாக வேண்டும்.

உளவியல் ஆய்வாளர்களான கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லீட்டர் இருவரும் பணிச்சோர்வு பிறக்கும் ஆறு இடங்களைச் சுட்டினார்கள்: வேலைப்பளு, சுயமாக முடிவெடுக்கும் உரிமை, உழைப்புக்கான மதிப்பு, சக ஊழியர் உறவு, நியாயம், மனசாட்சிக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தம். பெரும்பாலோர் பளுவை மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் 1979-இலேயே ஆய்வாளர் ராபர்ட் கராசெக் சொன்னது வேறு: அதிக வேலையும் குறைந்த உரிமையும் சேரும் இடத்தில்தான் மன அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. பொறுப்பு உங்களுடையது, தேதியையும் முறையையும் தீர்மானிப்பவர் வேறொருவர் என்றால், எட்டு மணி நேர வேலைகூட ஆளை உருக்கிவிடும்.

ஆகவே இரண்டு வாரம், தினமும் மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்று மிகவும் சோர வைத்த வேலை எது, இந்த ஆறில் அது எதைச் சேர்ந்தது என்று குறித்துவையுங்கள். அடிக்கடி வருவது எதுவோ அதை மட்டும் முதலில் எடுங்கள். மேலாளரிடம் "வேலை அதிகம்" என்றால் ஆறுதல்தான் கிடைக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் மணிநேரத்தைப் பட்டியலிட்டு, "இதில் எதை நிறுத்தலாம், எதைத் தள்ளிவைக்கலாம்?" என்று கேட்டால் முடிவு கிடைக்கும். உங்களிடமிருந்து எடுத்த வேலையை இனி யார் செய்வார் என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். இல்லையேல் அது சத்தமில்லாமல் உங்களிடமே திரும்பும். நான்கு வாரம் கழித்துப் பட்டியலை மறுபடி பாருங்கள்.

ஆறு மணிக்கு மேசையை விட்டு எழுந்தாலும் பத்து மணிவரை அலுவலகச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூளைக்கு வேலை முடியவில்லை. மறுநாளின் முதல் வேலையை எழுதி வைத்துவிட்டு, அறிவிப்புகளை அணைப்பது உதவும்.

இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். வேலைக்கு வெளியிலும் எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரம் கடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே போங்கள்.