டிரா: ஒரு சொல், மூன்று பொருள்

1990 கால்பந்து உலகக் கோப்பை அயர்லாந்துக்கு முதல் உலகக் கோப்பை. ஐந்து ஆட்டங்கள் ஆடியது, ஒன்றிலும் வெல்லவில்லை. அடித்த கோல் மொத்தமே இரண்டு. ஆனாலும் காலிறுதி வரை போனது, நாடு திரும்பியபோது டப்ளின் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டு வரவேற்றார்கள். இதைச் சாதனை என்று எழுதுவதா, தப்பிப் பிழைத்த கதை என்று எழுதுவதா? முடிவு சொல்வதற்கு முன், அந்த அணியின் கணக்கு முழுக்க விரவிக் கிடக்கும் 'டிரா' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளையாட்டுப் பக்கங்களில் அது மூன்று வேறு பொருளில் வருகிறது. ஆட்டம் சமமாக முடிவது ஒன்று. எந்தக் குழுவில் எந்த அணி என்று தீர்மானிப்பது இன்னொன்று. எல்லாக் கணக்கும் ஒத்துப்போனால் சீட்டு எடுப்பது மூன்றாவது. அயர்லாந்துக்கு அந்தக் கோடையில் மூன்றும் வாய்த்தன.

ஆங்கிலத்தில் டிரா என்றால் அடிப்படையில் 'இழு'. பழைய ஆங்கிலத்தில் இழுத்தலைக் குறித்த வினைச்சொல்லிலிருந்து வந்தது. சுமையை இழுத்துச் செல்வதைச் சொல்லும் 'டிராக்' அதே வேரில் கிளைத்தது. கோடு இழுத்துப் படம் வரைவதும் டிரா, கிணற்றில் நீர் இறைப்பதும் டிரா, கலத்துக்குள் கைவிட்டுச் சீட்டை வெளியே எடுப்பதும் டிரா. குலுக்கல் என்ற பொருள் நேராக இங்கிருந்து பிறந்தது. ஆட்டம் சமமாக முடிவதைக் குறிக்கும் டிரா வந்த வழி அவ்வளவு தெளிவில்லை. முடிவு காணாமல் இரு படைகளும் களத்திலிருந்து விலகிக்கொள்வதைக் குறித்த 'வித்டிரான்' என்பதன் சுருக்கமாக இருக்கலாம் என்பது அகராதிகள் முன்வைக்கும் ஒரு விளக்கம். அப்படிப் பார்த்தால் அச்சொல்லில் 'சமம்' என்ற கருத்தே கிடையாது, 'முடிவில்லை' என்ற கருத்துதான் இருக்கிறது.

கிரிக்கெட்டில் இந்த வேறுபாடு அப்படியே நிற்கிறது. டெஸ்ட் ஆட்டம் டிரா ஆனால் நேரம் தீர்ந்தது என்று பொருள். இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருக்காது. ஓட்டங்கள் சரிசமமாகி, கடைசி விக்கெட்டும் விழுந்தால் அது 'டை'. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இரண்டு இன்னிங்ஸ் சேர்த்து ஆளுக்கு 744 ஓட்டம் எடுத்து முடித்தது டை. ஆகவே கிரிக்கெட் டிராவைச் 'சமநிலை' என்று எழுதுவது பிழை. 'வெற்றி தோல்வியின்றி முடிந்தது' என்பதே சரி. கால்பந்தில் இந்தச் சிக்கல் இல்லை. நேரம் முடியும்போது கோல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால்தான் டிரா. எனவே 'சமநிலையில் முடிந்தது', 'வெற்றி தோல்வியின்றி முடிந்தது' இரண்டும் பொருந்தும், முன்னது சுருக்கமானது.

'சமன் செய்தது' என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. இங்கிலாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் லினேக்கர் 8ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். அயர்லாந்தின் கெவின் ஷீடி 73ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். அது கோலைப் பற்றிய சொல். ஆட்டத்தின் முடிவுக்கும் அதையே போட்டால், தலைப்பை மட்டும் படிப்பவருக்கு ஆட்டம் இன்னும் நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்று புரியாது. கோலுக்குச் 'சமன் செய்தார்', முடிவுக்குச் 'சமநிலையில் முடிந்தது' என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

பெனால்டி ஷூட்அவுட்டில்தான் அதிகம் தவறுகிறார்கள். ஜெனோவாவில் அயர்லாந்தும் ருமேனியாவும் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0–0. ஷூட்அவுட்டில் ருமேனியாவின் டானியேல் திமோஃப்தே அடித்ததை அயர்லாந்துக் கோல்காப்பாளர் பாக்கி போனர் தடுத்தார், டேவிட் ஓ'லியரி அடித்தது உள்ளே போனது, 5–4. ஃபிஃபா பதிவேட்டில் இந்த ஆட்டம் சமநிலைதான். ஷூட்அவுட் அடுத்த சுற்றுக்கு யார் என்று தீர்மானிக்கும் முறை மட்டுமே. 'ருமேனியாவை வீழ்த்தியது' என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே 'ஓர் ஆட்டமும் வெல்லாத அணி' என்று எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். 'சமநிலைக்குப் பின் பெனால்டி முறையில் முன்னேறியது' என்றால் சிக்கல் தீர்ந்தது.

சரி, ஒரு சமநிலைக்கு என்ன மதிப்பு? 1990 வரை உலகக் கோப்பையில் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1. அதாவது வெற்றியில் பாதி. 1994இல் வெற்றிக்கு 3 ஆக்கினார்கள். சமநிலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதோடு, தொடரின் அமைப்பையும் பார்க்க வேண்டும். 1990இல் 24 அணிகள், ஆறு குழுக்கள். மூன்றாம் இடம் பிடித்தவற்றிலும் சிறந்த நான்குக்கு வாய்ப்பு உண்டு. மூன்று சமநிலை ஏறத்தாழ உள்ளே நுழையும் சீட்டு. 2010இல் 32 அணிகள், குழுவில் முதல் இரண்டுக்கு மட்டுமே வாய்ப்பு. நியூசிலாந்து ஸ்லோவாக்கியா, இத்தாலி, பராகுவே மூன்றுடனும் சமநிலை கண்டு வெளியேறியது. அந்தத் தொடரில் தோல்வியே காணாத ஒரே அணி அதுதான், கோப்பை வென்ற ஸ்பெயின்கூட சுவிட்சர்லாந்திடம் தோற்றிருந்தது. 2016 ஐரோப்பியக் கோப்பையில் மீண்டும் 24 அணிகள். போர்ச்சுகல் மூன்று சமநிலையோடு மூன்றாம் இடத்தில் தொற்றிக்கொண்டு கடைசியில் கோப்பையையே தூக்கியது. கையில் இருந்தது அதே மூன்று புள்ளி. அதனால் 'மூன்று டிரா' என்று மட்டும் சொல்லி ஓர் அணியை எடைபோட முடியாது. எத்தனை அணி, எத்தனை இடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரே அணியின் மூன்று சமநிலையும்கூட ஒரே தரம் அல்ல. அயர்லாந்து இங்கிலாந்திடமும் நெதர்லாந்திடமும் முதலில் கோல் வாங்கிப் பின்தங்கி, பிறகு மீண்டது. பயிற்சியாளர் ஜாக் சார்ல்ட்டனின் திட்டம் எளிமையானது: பந்தை எதிரணித் தற்காப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் நெடுகத் தூக்கி அடி, திரும்பி ஓடுகிறவரை நெருக்கு, தவறு செய்ய வை. இரண்டு கோலும் இப்படித்தான் விழுந்தன. ஷீடி அடித்தது இங்கிலாந்தின் மெக்மஹோன் பெனால்டி பெட்டியின் விளிம்பில் பந்தைத் தவறவிட்டதால். நெதர்லாந்து ஆட்டத்தில் போனர் உதைத்த நெடும் பந்தை வான் ஆர்லே தன் கோல்காப்பாளருக்குத் திருப்பிவிட, அவர் கையிலிருந்து அது நழுவ, நைல் குவின் சறுக்கி வந்து உள்ளே தள்ளினார். எகிப்துடனான 0–0 வேறு ரகம். எதிரணி பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டது. முதுகுக்குப் பின்னால் தூக்கி அடிக்க இடமே இல்லை. மாற்றுத் திட்டமும் இல்லை. நியாயமாக அது ஒரு தோல்வி என்றே எண்ண வேண்டும். இந்த வகை ஆட்டங்கள் மலிந்ததால் அந்த உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களில் 115 கோல்தான் விழுந்தன. சக வீரர் காலால் தட்டிவிடும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம்.

இரண்டாம் பொருள், குழுப் பிரிப்பு. 'கடினமான டிரா' என்ற தொடரை இயந்திர மொழிபெயர்ப்பு 'கடினமான சமநிலை' என்று ஆக்கிவிடுகிறது. இங்கே வேண்டியது 'குழுக் குலுக்கல்'. 'குலுக்கலில் அயர்லாந்துக்குக் கடினமான குழு வாய்த்தது' என்றால் போதும். 1989 டிசம்பரில் ரோமில் நடந்த குலுக்கலில் அது உண்மையும்கூட. முன்னணி அணியாக ஒதுக்கப்பட்டிருந்த இங்கிலாந்தின் குழுவிலேயே, 1988இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற நெதர்லாந்தும் வந்து விழுந்தது. முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் தகுதி பெறாததால் நெதர்லாந்துக்கு முன்னணித் தகுதி தரப்படவில்லை. ஓர் அணி எவ்வளவு தூரம் போனது என்று பார்க்கும்போது, யாரைக் கடந்து போனது என்பது இந்தக் குலுக்கலில்தான் இருக்கிறது.

மூன்றாவது, சீட்டு எடுப்பது. இதற்குத் தமிழில் பழைய, நல்ல சொற்கள் உண்டு. கோயிலில் போடுவது திருவுளச்சீட்டு. லாட்டரிக் குலுக்கலை இலங்கையில் 'சீட்டிழுப்பு' என்கிறார்கள்; இழுத்தல் என்ற ஆங்கில மூலப்பொருள் அதில் அப்படியே இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையில் குடத்திலிருந்து ஓலையை எடுப்பது விவரம் அறியாத சிறுவன். 1954 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் ஸ்பெயினும் துருக்கியும் தங்களுக்குள் மோதியதில் ஸ்பெயின் 4–1 என வென்றது, துருக்கி 1–0 என வென்றது, ரோமில் நடந்த மூன்றாவது ஆட்டம் 2–2. அங்கேயும் கண்ணைக் கட்டிய ஒரு சிறுவனைத்தான் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். துருக்கி உலகக் கோப்பைக்குப் போனது.

இப்போதெல்லாம் சீட்டு வரை போவது அரிது. 2018, 2022 விதிகளில் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், பிறகு சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தின் புள்ளி, வித்தியாசம், கோல், அதற்கும் பிறகு மஞ்சள், சிவப்பு அட்டைக் கணக்கு, கடைசியில்தான் சீட்டு. 2018இல் ஜப்பானும் செனகலும் அட்டைக் கணக்கு வரை ஒத்துப்போயின. 4 மஞ்சள் அட்டை வாங்கிய ஜப்பான் முன்னேற, 6 வாங்கிய செனகல் ஊர் திரும்பியது.

1990இல் அட்டைக் கணக்கு கிடையாது. அயர்லாந்தும் நெதர்லாந்தும் மூன்று சமநிலை, 3 புள்ளி, 2 கோல் அடித்து 2 கோல் வாங்கி நின்றன. தங்களுக்குள் ஆடியதும் 1–1. இரண்டும் அடுத்த சுற்றுக்குப் போவது உறுதி. யார் இரண்டாம் இடம் என்பதற்குச் சீட்டு எடுத்தார்கள். அயர்லாந்துக்கு இரண்டாம் இடம், ருமேனியா. நெதர்லாந்துக்கு மூன்றாம் இடம், மிலானில் மேற்கு ஜெர்மனி. 2–1 எனத் தோற்றது. மேற்கு ஜெர்மனி அந்த ஆண்டு கோப்பையை வென்றது. அயர்லாந்து காலிறுதியில் போட்டியை நடத்திய இத்தாலியிடம் ஸ்கிலாச்சி அடித்த ஒரே கோலில் விழுந்தது.

ஆக, அயர்லாந்தின் 1990 சாதனைதான், ஆனால் அளவைச் சொல்லித்தான் அப்படிச் சொல்ல வேண்டும். முதல் முறை வந்த அணி, கடினமான குழு, பின்தங்கி மீண்ட இரண்டு சமநிலை, ஒரே ஒரு கோல் தோல்வி: இவை அதன் சொந்தச் சம்பாத்தியம். மேற்கு ஜெர்மனியைத் தவிர்த்தது சீட்டின் தயவு. ஐந்து ஆட்டத்தில் இரண்டு கோல் என்பது தாக்குதலில் தெளிவான குறை.

அச்சு அசலாக அதே குழுக் கணக்கோடு வந்த நெதர்லாந்தின் ஆட்டம் ஏமாற்றம் என்றே பதிவானது. அது சரியான மதிப்பீடுதான், சீட்டை மட்டும் பழி சொல்லிவிட முடியாது. எகிப்துக்கு எதிராக 58ஆவது நிமிடத்தில் கீஃப்ட் அடித்து முன்னிலை பெற்றும், 83ஆவது நிமிடத்தில் பெனால்டி கொடுத்து 1–1 என முடித்துக்கொண்டது. அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றியிருந்தால் நெதர்லாந்துக்கு 4 புள்ளி. அப்போது இங்கிலாந்தோடு எல்லாக் கணக்கும் ஒத்துப்போய், முதலிடத்துக்குச் சீட்டு எடுத்திருப்பார்கள். மூன்றாம் இடம் அயர்லாந்துக்குப் போயிருக்கும், மிலானில் மேற்கு ஜெர்மனியோடு மோதும் முறையும் அதற்கே வந்திருக்கும்.