‘யோகாவால் தேறினேன்’: அந்த வாக்கை எடைபோடுவது எப்படி?

உளக்காயத்துக்கு யோகா என்று பேச்செடுத்தால் 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனை தவறாமல் வந்துவிடும். பி.டி.எஸ்.டி. எனப்படும் உளக்காயப் பின்விளைவுக் கோளாறு நாள்பட்டு, வேறு சிகிச்சைகளுக்கு மசியாத 64 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். 10 வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு. முடிவில் யோகா குழுவின் 31 பேரில் 16 பேருக்கு அந்த நோயறிதல் பொருந்தவில்லை. உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற 29 பேரில் 6 பேர்தான் அந்த நிலைக்கு வந்தார்கள்.

தேறியவர்களின் எண்ணிக்கை இதில் கிடைக்கிறது. வகுப்பில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது கிடைக்கவில்லை. அந்த இடத்தில்தான், பங்கேற்றவர்களை நேர்கண்டு அவர்கள் சொற்களிலிருந்தே அனுபவத்தை அறியும் பண்புசார் ஆய்வு நுழைகிறது. 2017-இல் வந்த தொடர் ஆய்வு, இந்த 10 வாரப் பயிற்சி பெற்ற 31 பெண்களின் அனுபவங்களைத் தொகுத்து ஐந்து கருப்பொருள்களைத் தந்தது: நன்றியும் கருணையும், பிறரோடு உறவு, ஏற்பு, நிலைகொள்ளல், தன்னாற்றல். ஐந்துமே இனிமையானவை. இப்படிப்பட்ட பட்டியலைப் பார்த்தால், இனிக்காத அனுபவங்களையும் கேட்டார்களா என்று முறையியல் பகுதியில் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

முதலில் பார்க்க வேண்டியது கேட்டவர் யார் என்பது. பயிற்றுநரே நேர்கண்டால், அவரிடம் ‘உங்கள் வகுப்பு எனக்கு ஒத்துவரவில்லை’ என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அதிலும் பிறரைத் திருப்திப்படுத்தியே உயிர் தப்பிய பழக்கம் உள்ளவர்களுக்கு? அடுத்து, கேள்வியின் வாசகம். ‘யோகா உங்களுக்கு எப்படி உதவியது?’ என்ற கேள்வி பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. ‘எந்த நேரத்திலாவது எழுந்து போகத் தோன்றியதா?’ என்று கேட்டால்தான் மறுபக்கம் தெரியும். கேள்விப் பட்டியலைப் பின்னிணைப்பில் தராத கட்டுரையில் இதைச் சரிபார்க்கவே வழியில்லை.

என் கணிப்பில் மிகப் பெரிய ஓட்டை, பாதியில் நின்றவர்களை விட்டுவிடுவது. கண்ணை மூடச் சொல்வது, மல்லாந்து கிடப்பது, இடுப்பை விரிக்கும் ஆசனங்கள், பயிற்றுநர் தொட்டுத் திருத்துவது, ஏன், மூச்சைக் கவனிப்பதுகூடச் சிலருக்குப் பழைய நிகழ்வை அப்படியே கண்முன் கொண்டுவந்துவிடும். அப்படி நேர்ந்தவர் மூன்றாவது வாரமே நின்றிருப்பார். கடைசி வகுப்புக்குப் பின் நேர்காணல் வைத்தால் அவர் குரல் பதிவாகவே செய்யாது. எத்தனை பேர் நின்றார்கள், அவர்களைத் தேடிப் பேசினார்களா என்று கட்டுரையில் பாருங்கள்.

இந்தத் துறைக்கே உரிய இன்னொரு பொறி ‘அமைதி’. ‘எதுவுமே தெரியவில்லை, எங்கோ மிதந்ததுபோல் இருந்தது’ என்று ஒருவர் சொன்னால் அது நிம்மதியாக இருக்கலாம். தாங்க முடியாத உணர்விலிருந்து மனம் கழன்றுகொள்ளும் விலகல் நிலையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் தேவைப்படும் கவனிப்பு வேறு. ‘அப்போது உடம்பு தெரிந்ததா, அறையில் இருப்பது நினைவிருந்ததா?’ என்று துருவாமல், அந்த வாசகத்தை நேராக ‘சாந்தம்’ என்ற குறியீட்டில் (ஒத்த வாசகங்களைச் சேர்த்துவைக்கும் தலைப்பில்) போட்டால் பகுப்பாய்வு அங்கேயே சறுக்குகிறது.

பங்கேற்றவர்கள் குறைவு என்பதை மட்டும் குறையாகச் சொல்லக் கூடாது. ஒத்த பின்னணி உள்ளவர்களிடம் குறுகிய கேள்வியோடு போனால் 12 நேர்காணல்களே போதுமானதாக இருக்கலாம். போர்வீரர்கள், சிறுவயதில் வன்முறைக்கு ஆளானவர்கள், விபத்தில் தப்பியவர்கள் எல்லோரையும் கலந்து 12 பேர் என்றால் போதாது. மேற்கோள்களுக்கு அடியில் இருக்கும் பங்கேற்பாளர் எண்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று பேரே திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள் என்றால், ‘பலரும் கூறினர்’ என்ற வாசகம் ஆட்டம் காண்கிறது. நேர்காணல் கேள்விகளே சற்று உருமாறிக் கருப்பொருள்களாக வந்திருந்தால், பகுப்பாய்வு நடக்கவே இல்லை.

யோகா என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. உளக்காயம் அறிந்த முறையில் பயிற்றுநர் ஆணையிடுவதில்லை, ‘விரும்பினால் கையை உயர்த்தலாம்’ என்று அழைக்கிறார், தொட்டுத் திருத்துவதில்லை. வகுப்பின் நீளம், மொழி, தொடுதல் பற்றி எதுவும் சொல்லாத ஆய்வின் முடிவை வேறோர் இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. கூடவே உளவியல் ஆலோசனையும் மருந்தும் தொடர்ந்தனவா என்பதும் தெரிய வேண்டும். 2014 சோதனையிலேயே யோகா துணைச் சிகிச்சைதான்.

மதிப்பீட்டுக்குக் கருவிகள் இருக்கின்றன. பண்புசார் ஆய்வின் தரத்தைக் கேள்வி கேள்வியாகச் சோதிக்கும் காஸ்ப் (CASP) பட்டியலில் 10 கேள்விகள். அவற்றைக் கூட்டி ‘10-க்கு 8’ என்று மதிப்பெண் போடுவது வீண் வேலை. பாதியில் நின்றவர்களை விட்ட ஒரு குறை மற்ற எட்டு நிறைகளையும் விழுங்கிவிடலாம். நேர்காணல் ஆய்வுக் கட்டுரையில் எவற்றை எழுத வேண்டும் என்று சொல்லும், 2007-இல் வந்த கோரெக் (COREQ) பட்டியலின் 32 அம்சங்கள், எதையெல்லாம் எழுதினார்கள் என்று பார்க்கத்தான். செய்தது சரியா என்று அது சொல்லாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கண்டறிதலை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிடும் கிரேடு-செர்குவல் (GRADE-CERQual) முறை உதவும். ஒவ்வொரு கண்டறிதலையும் ‘உயர் நம்பிக்கை’ என்று தொடங்கி, முறையியல் குறைகள், தரவோடு இசைவு, தரவின் போதுமை, பொருத்தப்பாடு ஆகிய நான்கில் குறை தென்பட்டால் படி இறக்குவார்கள். ‘தேர்வு செய்யும் உரிமை, தன் உடல் தன் வசம் என்ற உணர்வைத் தந்தது’ என்ற கண்டறிதல் ஐந்து ஆய்வுகளில் வந்தாலும், ஐந்திலும் பெண்கள் மட்டுமே இருந்திருந்தால், ஆண்களையும் சேர்த்துக் கேட்கும் கேள்விக்கு அது பொருத்தப்பாட்டில் இறங்கும். பெண்களை மட்டும் பற்றிய கேள்விக்கு அந்தக் காரணத்தால் இறக்க வேண்டியதில்லை.