கூப்பன் முதலிலா, தள்ளுபடி முதலிலா?

ஒரு பொருளின் விலை 1000 ரூபாய். 10 சதவீதத் தள்ளுபடி உண்டு, கையில் 100 ரூபாய்க்கு ஒரு கூப்பனும் இருக்கிறது. கூப்பனை முதலில் கழித்தால் 900. அதில் தள்ளுபடி போக 810. தள்ளுபடியை முதலில் போட்டால் 900. அப்புறம் கூப்பன் போக 800. கூப்பன் முந்திக்கொண்டால், அது கழித்த 100 ரூபாய்க்குத் தள்ளுபடி கிடைக்காது. அந்த 100-இல் 10 சதவீதம்தான் நமக்கு நஷ்டமான பத்து ரூபாய். விலை 5000 ஆனாலும் வித்தியாசம் அதே பத்துதான். வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் சார்புகளின் சேர்க்கை என்று படித்தது இதைத்தான். சார்பு என்பது ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு, விதிப்படி ஓர் எண்ணைத் திருப்பித் தருவது. இரண்டு சார்புகளைக் கூட்டும்போது இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, வரும் விடைகளைக் கூட்டுகிறோம். எது முதல், எது அடுத்தது என்ற கேள்வியே இல்லை. சேர்க்கையில் ஒன்றின் விடையை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. அதனால் வரிசை முக்கியமாகிறது.

எப்போதும் அப்படியில்லை. 10 சதவீதத் தள்ளுபடியையும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் எப்படி மாற்றிப் போட்டாலும் 1000 ரூபாய் 1062 ஆகும். இரண்டுமே பெருக்கல்கள்: ஒன்று 0.9-ஆல், மற்றது 1.18-ஆல். இரண்டு கூப்பன்கள் என்றாலும் சிக்கல் இல்லை. பெருக்கலும் கழித்தலும் கலக்கும்போதுதான் தகராறு.

மாணவர்களைக் குழப்புவது இதை எழுதும் முறை. சேர்க்கையில், அதாவது f(g(x)) என்பதில், வலப்பக்கம் எழுதிய g என்ற சார்புதான் முதலில் வேலை செய்யும். சார்பின் பெயரை இடப்பக்கமும் அதற்குக் கொடுக்கும் எண்ணை அடைப்புக்குறிக்குள் வலப்பக்கமும் எழுதும் வழக்கம் 1734-இல் கணித அறிஞர் ஆய்லரிடமிருந்து வந்தது. எண்ணுக்கு அருகில் நிற்பது முதலில் அதைத் தொடுகிறது, அவ்வளவுதான். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

செய்ததைத் திருப்பிப் போடும்போதும் வரிசை தலைகீழாகும். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக்க 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்ட வேண்டும்: 37 டிகிரி 66.6 ஆகி, பிறகு 98.6 ஆகிறது. திரும்பி வர, கடைசியாகக் கூட்டிய 32-ஐ முதலில் கழித்து, அப்புறம் 1.8-ஆல் வகுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஏறத்தாழ 22.8 வரும், காய்ச்சலே இல்லாத ஆளைக் குளிர்ந்த உடம்பாக்கிவிடும்.

சில சேர்க்கைகளில் திரும்பும் வழி பாதி அடைபட்டிருக்கும். 3-ஐ வர்க்கப்படுத்தி வர்க்கமூலம் எடுத்தால் 3 திரும்ப வரும். மைனஸ் 3-க்கு அதையே செய்தால் 9 ஆகி, பிறகு 3 ஆகிறது, குறி தொலைந்துபோகிறது. வர்க்கமூலத்தை முதலில் எடுக்கப் போனால், மெய்யெண்களுக்குள் மைனஸ் 3 வாசலிலேயே நின்றுவிடும். அந்தச் சேர்க்கையின் மதிப்பகத்தில், அதாவது அது வாங்கிக்கொள்ளும் எண்களின் தொகுப்பில், அதற்கு இடமே இல்லை.