பாம் வாக்ஸ் மெழுகுதிரிக்கு பிஎம்இஜிபி மானியம்: விண்ணப்பிக்கும் முன் தெரிய வேண்டியவை

பனை மெழுகு என்றதும் நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பதநீரும் கருப்பட்டியும்தான் ஞாபகம் வரும். என் சித்தி மகளுக்கும் அப்படித்தான் வந்தது. திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள், பில்லர் மெழுகுதிரி, அதாவது தூண் மாதிரி பருத்த மெழுகுதிரி ஊற்றக் கற்றுக்கொண்டாள், தொழிலாகவே செய்யலாம் என்று முடிவுசெய்து, "பனை மேம்பாட்டு இயக்கத்தில் மானியம் உண்டாமே அண்ணே" என்று போன் போட்டாள். அந்த இயக்கம் நம்ம ஊர்ப் பனைமரத்துக்கு, தோட்டக்கலைத் துறை நடத்துவது. மெழுகு வருகிற பனை வேறு ஜாதி. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தோட்டம் தோட்டமாக நிற்கிற எண்ணெய்ப் பனை, அதாவது ரேஷன் கடையில் வாங்குகிறோமே பாமாயில், அது காய்க்கிற மரம். அந்த எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கினால் கிடைப்பதுதான் பாம் வாக்ஸ். அதனால் பனைத் திட்டங்கள் பக்கம் போகவே வேண்டாம், நேரம்தான் வீண்.

இதற்குப் பொருந்துவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், சுருக்கமாக பிஎம்இஜிபி. 2008-ல் வந்தது. கதர் கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிறது, நம்ம மாவட்டத்தில் மாவட்டத் தொழில் மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். மெழுகுதிரி, கற்பூரம், அரக்கு எல்லாம் ஆணையத்தின் கிராமத் தொழில் பட்டியலிலேயே இருக்கின்றன, அதனால் தொழிலைச் சொல்லி யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கீழே சொல்லும் கணக்கு 2022-ல் திருத்திய விதிகளின்படி. அவை 2025-26 நிதியாண்டு வரைக்கும் என்று போட்டவை, எனவே விண்ணப்பிக்கும் அன்றைக்கு பிஎம்இஜிபி இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை போகலாம். 18 வயது முடிந்திருக்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் கேட்டால் எட்டாம் வகுப்பு பாஸ் காட்ட வேண்டும், அதற்குள் என்றால் படிப்பைக் கேட்பதில்லை. வருமான வரம்பும் கிடையாது. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான்.

மானியம் நீங்கள் யார், எங்கே தொடங்குகிறீர்கள் என்ற இரண்டையும் பொறுத்தது. பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. சிறப்புப் பிரிவுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. சிறப்புப் பிரிவு என்றதும் பட்டியல் சாதி, பழங்குடி மட்டும் என்று நினைத்துப் பலர் பொதுவில் விண்ணப்பித்து விடுகிறார்கள். ஓபிசி, சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள், திருநர் எல்லோரும் அதில் வருவார்கள். நம்ம ஜில்லாவில் உட்கார்ந்து எண்ணினால் இதில் சேராத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சித்தி மகள் கணக்கையே சொல்கிறேன். திட்ட மதிப்பு 4 லட்சம். பெண் என்பதால் கைக்காசு 5 சதவீதம், 20,000 ரூபாய். பாக்கி 3,80,000 வங்கிக் கடன். கிராமம் என்பதால் மானியம் 35 சதவீதம், 1,40,000. ஆக அவள் உண்மையில் கட்டப்போகும் அசல் 2,40,000. இதே தொழிலைப் பாளையங்கோட்டையில் பொதுப் பிரிவு ஆண் ஒருவர் தொடங்கினால் கைக்காசு 40,000, மானியம் வெறும் 60,000. ஊராட்சிப் பகுதி கிராமம், மாநகராட்சியும் நகராட்சியும் நகரம். டவுனிலோ மேலப்பாளையத்திலோ ஷெட் பார்க்கும் முன் இந்த வித்தியாசத்தை ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

மானியம் கையில் வராது, இதுதான் எல்லோரும் குழம்பும் இடம். வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாகக் கிடக்கும், அதற்கு வட்டி கிடையாது, அந்த அளவு கடனுக்கும் உங்களிடம் வட்டி வாங்கக் கூடாது. மூன்று வருடம் கழித்து யூனிட் நடக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுக் கடனில் கழிப்பார்கள். அப்புறம், குறைந்தது 10 லட்சம் வரைக்கும் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மேனேஜர் பத்திரம் கேட்டால் இதை மரியாதையாக ஞாபகப்படுத்தலாம்.

இனி திட்ட அறிக்கை. சித்தி மகள் அதை ஒரு பிரவுசிங் சென்டரில் 3,000 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருந்தாள். விண்ணப்பம் ஆன்லைனில் இலவசம், அது வேறு விஷயம். அந்த அறிக்கையைத் திறந்தால் பத்து ரூபாய் பாக்கெட்டில் வருகிற ஒல்லி மெழுகுதிரிக்கு பாரஃபின், அதாவது பெட்ரோலிய மெழுகுக் கணக்கு, மேலே பெயர் மட்டும் இவளுடையது. பாம் வாக்ஸ் அப்படி வேலை செய்யாது. மேலே இறகு விரித்த மாதிரி படிகக் கோலம் விழுவதுதான் அதன் அழகு, அதற்கு 90 டிகிரிக்கு மேல் சூடாக ஊற்றி, அச்சையும் முன்கூட்டியே சூடாக்கி, மெதுவாக ஆற விட வேண்டும். ஆறும்போது உள்ளே காற்றுக்குழி விழும், நடுவில் கம்பியால் குத்தி மறுபடி ஊற்ற வேண்டும். ஆக ஓர் அச்சில் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நாளைக்கு ஐம்பது என்று அறிக்கையில் எழுதினால் ஒன்றுக்கு ஒன்று என்று ஐம்பது அச்சு கொட்டேஷனில் இருப்பது நல்லது, கூடவே வெப்பம் கட்டுப்படுத்தும் உருக்கு பாத்திரம், தெர்மாமீட்டர், பருமனான திரிநூல். மூன்று அங்குல விட்டம், ஆறு அங்குல உயரம் உள்ள ஒரு மெழுகுதிரிக்குச் சுமார் 600 கிராம் மெழுகு பிடிக்கும், நூறு மெழுகுதிரிக்கு 60 கிலோ. இந்தக் கணக்கை வங்கியில் கேட்கும்போது கடகடவென்று சொன்னாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

நிலத்தின் விலையை அறிக்கையில் சேர்க்க முடியாது, ஷெட் வாடகையைச் சேர்க்கலாம். நடப்பு மூலதனத்தை, அதாவது சரக்கு, கூலி மாதிரி அன்றாடச் செலவுக்கான கடனை மட்டும் ஆசைப்பட்டு ஏற்றிவிடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது அந்தக் கடன் வரம்பை முழுதாக எடுத்திருக்க வேண்டும், பயன்பாடு முக்கால் பங்குக்குக் குறையவும் கூடாது, இல்லாவிட்டால் அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நம்ம பக்கம் மெழுகுதிரி நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் உவரி அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கும் பறக்கும், நடுவில் சில மாதம் படுத்துவிடும். வருடம் முழுக்க டிசம்பர் என்று நினைத்துக் கணக்கு எழுதினால் பின்னால் இடிக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், இது புதுத் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடக்கும் யூனிட்டுக்கு, வேறு அரசு மானியம் வாங்கிய யூனிட்டுக்குக் கிடையாது. ஆர்வத்தில் முதலில் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவைப் போட்டு, பில் புத்தகம் அடித்து, இரண்டு மாதம் விற்றுவிட்டு அப்புறம் வந்து விண்ணப்பித்தால் சிக்கல்தான். வீட்டு அடுப்பில் நாலு திரி ஊற்றிப் பழகுவது வேறு, அதை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆதார், பான், போட்டோ, சாதிச் சான்று, கிராமப் பகுதிச் சான்று, அறிக்கை, கொட்டேஷன், இவ்வளவுதான் பேப்பர். 2 லட்சத்துக்கு மேல் என்றால் தொழில்முனைவோர் பயிற்சியும் முடிக்க வேண்டும், ஆன்லைனிலும் இருக்கிறது. பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் காரியம் நகராது என்பதால் ஒப்புதல் வந்த வாரமே சேர்ந்துவிடுங்கள். வேலையில்லா இளைஞர்களுக்கு மாநில அரசின் யுஒய்இஜிபி என்று இன்னொரு திட்டம் உண்டு, அதில் 25 சதவீதம், வயது வரம்பும் வருமான வரம்பும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, கிராமத்துப் பெண்ணுக்கு 35 கிடைக்கும்போது அதை ஏன் பார்க்க வேண்டும்?

கடன் வந்து ஷெட் போட்டதும் வாசலில் பிஎம்இஜிபி நிதியுதவி பெற்ற நிறுவனம் என்று போர்டு வைக்க வேண்டும், அதுவும் விதி. மூன்று வருடம் கழித்துப் பார்க்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்தப் போர்டைத்தான், வெயிலில் வெளுக்காத பெயிண்டாக அடித்துக்கொள்ளுங்கள்.