சண்டிக் கல்

ஆங்கிலத்தில் ‘ரெஃப்ராக்டரி’ என்றொரு பெயரடை உண்டு. அடங்காத, கலகம் செய்கிற என்று அகராதியில் போட்டிருக்கும். கலகம் என்பது கொஞ்சம் மிகை. கலகக்காரன் எதிர்த்துக் கிளம்புவான்; இந்த ஆசாமி கிளம்பவே மாட்டான். எத்தனை அதட்டினாலும் வண்டியோடு படுத்துக்கொள்ளும் சண்டி மாடுதான் இச்சொல்லுக்கு நெருக்கம். பேச்சில் அபூர்வம். எழுத்தில் முரண்டு பிடிக்கும் பிள்ளைக்கும், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கும் போடுவார்கள். 1,500 டிகிரி செல்சியஸிலும் இளகாத உலைக்கல்லுக்கு இதுவே பெயராகிவிட்டது.

அந்தக் கல்லைப் புரிந்துகொள்ள சேலம் போதும். இங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். ஏற்காட்டு மலைக்கும் ஊருக்கும் நடுவே வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், மக்னீசியம் கார்பனேட். ‘சாக் ஹில்ஸ்’ என்ற பெயரை நம்பி சாக்கட்டி என்று நினைக்கக் கூடாது.

வெட்டியெடுத்த கல்லுக்குச் சண்டித்தனம் கிடையாது. 700 டிகிரி காட்டினாலே கரியமில வாயுவை விட்டுவிடும். 100 கிலோவில் மிஞ்சும் மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு, 48 கிலோதான். 1,000 டிகிரிக்குள் சூளையை நிறுத்தினால் அது நுண்துளை மாவு. தண்ணீர் பட்டால் ஹைட்ராக்சைடாகி உப்பும். 1,600 முதல் 1,800 வரை ஏற்றினால்தான் படிகங்கள் பெருத்து, துளைகள் அடைபட்டு, தண்ணீரைச் சட்டை செய்யாத ‘டெட் பர்ன்ட்’ சரக்காகும். அது உருக 2,800 டிகிரி வேண்டும்.

சேலத்துக் கல்லின் தலைவலி, மணலில் இருக்கும் அதே சிலிக்கா. டுனைட் பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடுவதால் பாறைத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வரும். பொறுக்கித் தள்ளாவிட்டால் ஆபத்து. சரக்கில் கலந்திருக்கும் சுண்ணாம்பும் சிலிக்காவும் ஏறக்குறைய சம எடையில் இருந்தால், 1,500 டிகிரியை ஒட்டியே துகள்களுக்கு நடுவில் திரவம் கசிந்து, அதில் செய்த உலைச் செங்கல் அமுங்கிவிடும். சுண்ணாம்பு இரு மடங்கானால் ஏறக்குறைய 1,800 வரை நிற்கும்! மொத்த அளவைவிட விகிதம்தான் இங்கே பேசும்.

எஃகு உலையின் சுண்ணாம்புக் கசடு காரம். மக்னீசியாவும் காரம், அதனால் இரண்டுக்கும் பகை குறைவு. அமிலத்தன்மையுள்ள சிலிக்கா செங்கல்லாக இருந்தால் கசடு அரித்துத் தின்றுவிடும். ஆனால் மக்னீசியா செங்கல் 1,000 டிகிரியில் மீட்டருக்கு 13 மில்லிமீட்டர் போல நீளும். இடைவெளி விடாமல் கட்டினாலும், சட்டென்று சூடேற்றினாலும் முகப்பு பொரிந்து உதிரும். மழைக்காலத்தில் ஈரக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் டெட் பர்ன்ட் கல்கூட ஈரம் குடித்து விரிசல் விடும். தரையில் போடாமல் பலகைமேல் அடுக்கி, பிளாஸ்டிக் உறையைக் கட்டும் நாள்வரை பிரிக்காமல் வைக்க வேண்டும்.