ப்ளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். கடல்நீர் நிலத்தடியில் ஏறிவந்தால் சோடியம் குளோரைடோடு புரோமைடும் (புரோமின் தனிமத்தின் எதிர்மின் அயனி) கூடவே வரும், ஒரு லிட்டர் கடல்நீரில் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறதே. அந்தத் தண்ணீர் ஏறிய மேல்நிலைத் தொட்டியில் டேங்க் ஆபரேட்டர் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியதும், கிருமி சாவது ஒரு பக்கம் நடக்க, குளோரின் புரோமைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்கிவிடுகிறது.

ஆக்சிஜனேற்றம் என்றால் எலக்ட்ரான் கைமாறுவது என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குக்கு அது சரி. ஆனால் இங்கே எலக்ட்ரான் தனியாகத் தாவுவதில்லை, ஒரு அணுவே இடம் மாறுகிறது. ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஹைபோகுளோரஸ் அமிலத்தைத் தருகிறது; அதில் ஹைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின் மூன்றும் வரிசையாக இணைந்திருக்கும். புரோமைடு நேராகக் குளோரின் முனையில் போய் ஒட்டுகிறது, மறுபக்கம் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சைடு கழன்றுவிடுகிறது. கிடைத்த புரோமின் குளோரைடு நொடியில் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைபோபுரோமஸ் அமிலமாகிவிடும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டேல் மார்ஜெரம் குழு 1987-இல் இந்த வினையின் வேகத்தை அளந்து எழுதியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் புரோட்டானின், அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனின், பங்கு. ஆக்சிஜனோடு ஒரு புரோட்டான் ஒட்டியிருந்தால் அது ஹைட்ராக்சைடாக எளிதில் பிரிந்து போகலாம். ஹைபோகுளோரஸ் அமிலம் அந்தப் புரோட்டானை இழந்த வடிவம்தான் ஹைபோகுளோரைட்; அதில் அதே ஆக்சிஜன் இரட்டை எதிர்மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு பிரிய வேண்டும், தண்ணீரில் அது நடக்கிற காரியம் இல்லை. போதாததற்கு ஹைபோகுளோரைட், புரோமைடு இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், எல்லாமே அமில வடிவில் இருக்கும்போது இருக்கிற புரோமைடில் பாதி தீர அரை நிமிடம் போதும். எல்லாமே ஹைபோகுளோரைட்டாக இருந்து, புரோட்டான் தர வேறு எதுவும் உதவாவிட்டால், அதே பாதிக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆகும்! அயோடைடு இருந்தால் கதையே வேறு, அமில வடிவம் அதை மில்லிவினாடிக்குள் முடித்துவிடும்.

அப்புறம், இந்த இரண்டு வடிவத்தில் எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) முடிவு செய்கிறது. சுமார் 7.5-இல் பாதிக்குப் பாதி, 8.5-இல் அமிலம் பத்தில் ஒரு பங்குதான். கிருமியைக் கொல்வதிலும் அமில வடிவத்துக்குத்தான் வேகம் அதிகம், அதனால் காரத்தன்மை கூடிய போர் தண்ணீரில் அதே அளவு பவுடர் மெதுவாகவே வேலை செய்யும். பி.எச். 8-க்குக் கீழே இருந்தாலே குளோரின் போட்டபின் குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8-ஐத் தாண்டிய தண்ணீரை இன்னும் கூடுதல் நேரம் தொட்டியில் வைத்திருந்துதான் குழாயில் திறக்க வேண்டும்.